பாதியாக வெட்டிய இதயம்

1767 பிப்ரவரி 11 அன்று லண்டன் ஃபவுண்ட்லிங் மருத்துவமனையில் ஓர் ஆண்குழந்தை ஒப்படைக்கப்பட்டது. அம்மா வைத்த பெயர் சார்லஸ். குழந்தையோடு ஒரு துணியும் வந்தது. அச்சடித்ததும் நெய்ததுமான சின்னச் சின்னத் துணுக்குகளை ஒட்டுப்போட்டு இணைத்து, அதன்மேல் சிவப்பு நூலால் ஓர் இதயம் தைத்திருந்தார்கள். பிறகு அந்த இதயத்தை ஊடறுத்துக் கத்தரிக்கோல் போயிருக்கிறது. ஒரு பாதி குழந்தையின் பதிவுச்சீட்டோடு சேர்ந்தது. மறுபாதி அம்மாவுக்கு.

மருத்துவமனை என்பது பெயர்தான். நோய்க்கு வைத்தியம் பார்த்த இடமல்ல அது. பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தைகளை ஏற்றுக்கொண்ட இல்லம். தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் 17 ஆண்டுகள் பெரிய மனிதர்களின் வாசல்களில் ஏறி இறங்கி, 1739இல் அரச சாசனம் வாங்கி, 1741இல் திறக்கச் செய்தார். திறந்த உடனேயே இடம் போதவில்லை. 1742 முதல் குலுக்கல் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால், குழந்தைக்குத் தொற்றுநோய் இல்லையென்றால், இடமுண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் திரும்பிப் போக வேண்டும். சீமாட்டிகள் வந்து நின்று இதை வேடிக்கை பார்த்தார்கள்.

1756இல் நாடாளுமன்றம் பணம் கொடுத்தது, வருகிற குழந்தையை எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். 1760இல் அரசு கையை விரித்தது. சார்லஸ் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகான கெடுபிடிக் காலத்தில்.

வந்தவர்கள் எல்லோரும் மணமாகாத பெண்கள் அல்லர். வீட்டுவேலை செய்தவர்கள், கணவனை இழந்தவர்கள், கணவன் இருந்தும் கூலி போதாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கர்ப்பம் தெரிந்தால் வேலைக்காரப் பெண்ணுக்கு அன்றோடு வேலை போகும், தங்குமிடமும் போகும். நம் பத்திரிகைகள் ‘கல்நெஞ்சத் தாய்’ என்று தலைப்பிடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

உள்ளே எடுத்துக்கொண்டதும் குழந்தைக்கு எண் கொடுப்பார்கள். எண் பொறித்த ஈயவில்லை கழுத்தில் ஏறும். ஞானஸ்நானம் செய்து புதுப்பெயர் வைப்பார்கள். சார்லஸ், பெஞ்சமின் ட்விர்ல் ஆனான். பெயர் போய்விட்டபின், என்றாவது ஒருநாள் அம்மா திரும்பி வந்தால் எந்தக் குழந்தை அவளுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் அடையாளப் பொருள். நாணயம், மோதிரம், சீட்டுக்கட்டின் ஒரு சீட்டு, ரிப்பன், துணி என்று கையில் இருந்தது எதுவானாலும் சரி. பல குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. உடுத்தியிருந்த சட்டையிலிருந்து ஒரு துண்டை அலுவலகத்திலேயே கத்தரித்துச் சீட்டில் குத்திவைத்தார்கள். ஆகவே அந்த ஏடுகளில் இருக்கும் ஒவ்வொரு துணியையும் தாயின் கண்ணீர் என்று எழுதிவிட முடியாது. பாதிக்கு மேல் அலுவலக நடைமுறை. ஆனால் ஊசி பட்ட துணிகள் வேறு வகை.

அந்த நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துப் பெண்கள் 10 பேரில் ஏறக்குறைய 6 பேருக்குத் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஊசி பிடிக்கத் தெரிந்திருந்தது. ஏழைச் சிறுமிகளுக்கு வெள்ளைத் துணியில் எழுத்தும் எண்ணும் தைக்கக் கற்றுக்கொடுத்தது அவர்களுடைய அறிவுக்காக அல்ல. நாளை எஜமானி வீட்டுப் போர்வையிலும் மேசைவிரிப்பிலும் அடையாளக்குறி தைக்க ஆள் வேண்டுமே! அடுத்தவர் சொத்துக்குக் குறியிடப் பழக்கிய அந்தக் கைதான் தன் பிள்ளைக்கும் குறியிட்டது. ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய ‘தி சப்வெர்சிவ் ஸ்டிச்’ பெண்ணை அடக்கமாக இருக்கப் பழக்கிய ஊசியே அவளுக்கு மறுத்துப் பேசும் வழியாகவும் ஆனதை விரிவாகச் சொல்கிறது. இந்தச் சிவப்பு இதயத்தை அந்த வாதத்தோடு வைத்துப் பார்க்கிறேன்.

வெட்டியதில்தான் எனக்கு அதிக ஆர்வம். பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டிப் பிரித்து, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வழக்கு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள். பொருந்தினால் உண்மை. இந்தத் துணியும் அப்படித்தான் வேலை செய்கிறது. துணுக்குகளின் வரிசை, நூலின் நிறம், வெட்டின் போக்கு எல்லாம் ஒன்றாகப் பொருந்த வேண்டும். வேறொருத்தி போலியாகச் செய்துகொண்டு வர முடியாது. அன்பின் சின்னம் என்று மட்டும் இதைச் சொல்லும்போது ஒரு பெண் தானே தயாரித்த சட்ட ஆவணம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எனக்கு அந்த வர்ணனைகள் சலிப்பூட்டுகின்றன. அன்பு இல்லை என்று யார் சொன்னது? அவள் கெட்டிக்காரியாகவும் இருந்தாள் என்பதுதான் விட்டுப்போகிறது.

இதய வடிவம் அப்போதே மலிந்துபோன ஒன்று. நம் ஊர்ச் சீட்டாட்டத்தில் ‘ஆட்டின்’ என்கிறோமே, அதே வடிவம். சீட்டுக்கட்டிலும் காதல் பரிசாகக் கொடுத்த நாணயங்களிலும் எல்லோரும் பார்த்தது. வளைவு இரண்டு, முனை ஒன்று. சில அங்குல நூல் போதும். இன்னொரு குழந்தையோடு வந்தது சிவப்புக் கம்பளியில் வெட்டிய இதயம், தையல்கூட இல்லை. துணிகளில் ஒரு துணைக்கதையும் உண்டு. கோரமண்டல் கரையிலிருந்து போன சீட்டித் துணிகள் அங்கே அப்படி விற்றதால், உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற 1721இல் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே தடைச்சட்டம் போட்டார்கள். அதற்குள் பூப்போட்ட துணியில் கண் பழகிவிட்டது. லண்டன் பட்டறைகள் லினனிலும் கலப்புத் துணியிலும் அதே மாதிரிப் பூக்களை அச்சடித்தன. வேலைக்காரப் பெண்ணின் கவுனிலும் குழந்தையின் சட்டைக் கையிலும் இருந்தவை அவை.

இன்று அந்தப் பதிவேடுகளில் ஏறத்தாழ 5,000 துணித்துண்டுகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் சாதாரண மக்கள் உடுத்திய துணி இவ்வளவு வேறெங்கும் மிஞ்சவில்லை. ராணிகளின் கவுன்கள் மிஞ்சும், ஏழையின் துணி கந்தலாகிக் காகித ஆலைக்குப் போய்விடும். மிஞ்சியதற்குக் காரணமும் வேடிக்கைதான். 19ஆம் நூற்றாண்டில் நிர்வாகிகள் நாணயம், பதக்கம் முதலியவற்றைப் பார்வைக்கு வைப்பதற்காகச் சீட்டுகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எது எந்தக் குழந்தையுடையது என்ற தொடர்பு அறுந்தது. துணியை யாரும் பொருட்படுத்தவில்லை. அதனால் அது குத்திய இடத்திலேயே, அந்தந்தக் குழந்தையின் பக்கத்திலேயே இருந்துவிட்டது. வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டைல்ஸ் 2010இல் அவற்றை லண்டனில் கண்காட்சியாக வைத்தார்.

1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282. பெற்றவர்கள் திரும்ப வந்து அழைத்துப்போனது 152 பேரை.

சார்லஸ் அதற்குப் பின்னால் வந்தவன். அங்கு வந்த குழந்தைகளைக் கிராமத்துப் பாலூட்டும் பெண்களிடம் அனுப்புவார்கள். அம்மா என்று அவர்கள் கூப்பிடப் பழகுவது அவளைத்தான். ஐந்து வயதளவில் அவளிடமிருந்தும் பிரித்து லண்டனுக்குக் கொண்டுவருவார்கள். 1775 ஜூன் 10 அன்று சாரா பெண்டர் என்ற பெண் மகனைக் கேட்டு வந்தாள். அவனுக்கு எட்டு வயது. பெஞ்சமின் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்திருப்பான்.