புகுமுக ஆண்டும் குற்றாலத்துக் கல்லூரியும்: இலட்சுமணசுவாமி முதலியாரின் துணைவேந்தர் காலம் குறித்து ஒரு மறுவாசிப்பு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் இருந்த ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியாரின் மொழி நிலைப்பாட்டைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரு முரண்பாட்டிலேயே வந்து நிற்கின்றனர். அவர் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு 1953இல் பள்ளியின் பயிற்றுமொழி தாய்மொழியாகவோ வட்டார மொழியாகவோ இருக்க வேண்டும் என்றது. அவர் நடத்திய பல்கலைக்கழகமோ ஆங்கிலத்தைக் கைவிடத் தயங்கியது. டெல்லிக்கு ஒரு பேச்சு, பல்கலைக்கழகம் இருந்த சேப்பாக்கத்துக்கு ஒரு பேச்சு என்பது இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு. இம்முடிவு அறிக்கையின் முதன்மைப் பரிந்துரையோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வதால் வந்தது என்று கருதுகிறேன். அதே அறிக்கை புகுமுக வகுப்பைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்து வாசித்தால் முரண்பாடு மறைகிறது. அது இருந்த இடத்தில் அதைவிடக் கடுமையான ஒரு குற்றச்சாட்டு எழுகிறது. இதைக் காண்பதற்குச் சென்னையைவிடத் தென்காசி வட்டாரமே ஏற்ற இடம்.

குழு 1952 செப்டம்பரில் அமைக்கப்பட்டு 1953 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. இண்டர்மீடியட்டை ஒழிப்பது, பட்டப் படிப்பை மூன்றாண்டாக்குவது, நான்காண்டு மேல்நிலைப் பள்ளியை நாடெங்கும் கொண்டுவருவது ஆகியவை அதன் அமைப்புத் திட்டம். உயர்நிலைப் பள்ளிகள் ஒரே நாளில் மேல்நிலைப் பள்ளிகளாகிவிட மாட்டா என்பது குழுவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் உயர்நிலையோடு முடிப்பவர்களுக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பை அது வகுத்தது. பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடங்களுக்கோ சில பாடங்களுக்கோ ஆங்கிலம் பயிற்றுமொழியாக நீடிக்கும் வரை, அந்த ஓராண்டில் ஆங்கில அறிவுக்குத் தனி அழுத்தம் தரப்பட வேண்டும் என்பது அறிக்கையின் கருத்து. மாணவர் தாமே பொறுப்பேற்றுப் படிக்கும் முறைக்குப் பழகுவதும் அவ்வாண்டின் பணியாகச் சொல்லப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, புகுமுக வகுப்பு ஓர் இடைக்கால ஏற்பாடு. பள்ளிகள் உயர்த்தப்பட உயர்த்தப்பட அது தேய்ந்து மறைய வேண்டியது. இரண்டாவது, ஆங்கிலத்துக்கான அழுத்தம் நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த நிபந்தனை எப்போது முடியும் என்பதைப் பள்ளியோ மாணவரோ தீர்மானிக்க முடியாது, பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்க முடியும். ஆக, தாய்மொழிப் பள்ளிக்கும் ஆங்கிலப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான பிளவை அறிக்கை மூடி மறைக்கவில்லை. அதைக் கண்டு, ஓராண்டு நீளமுள்ள ஒரு பாலத்தைப் போட்டது. பள்ளிக்குத் தமிழையும் பல்கலைக்கழகத்துக்கு இப்போதைக்கு ஆங்கிலத்தையும் ஒருவரே வேண்டியது முரண்பாடு அன்று. அறிக்கையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

குழுவில் ஒன்பது பேர் இருந்தனர், ஹன்சா மேத்தாவும் ஸ்ரீமாலியும் சையிதைனும் உள்பட. அறிக்கையைத் தலைவரின் குரலாக எப்படிக் கொள்வது என்று கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் எல்லையில் பள்ளி எங்கே முடிகிறது என்ற கேள்வியில், பதவியிலிருந்த ஒரு துணைவேந்தர் தலைமை வகித்த குழு அவர் மனத்தை மீறி எழுதியிருக்கும் என்பது நம்பத்தக்கதாக இல்லை. மேலும், இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினர். உயர்கல்வி காலப்போக்கில் வட்டார மொழிக்கு மாற வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆகவே மாற்றம் வர வேண்டியது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. கால அளவில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

அந்தக் கால அளவு சென்னை மாநிலத்தில் எப்படி நீண்டது? 1950களின் நடுவில் இண்டர்மீடியட் போய்ப் புகுமுக வகுப்பு வந்தது. பதினொரு ஆண்டு பள்ளி, எஸ்.எஸ்.எல்.சி., ஓராண்டு பி.யு.சி., மூன்றாண்டு பட்டம் என்ற வரிசை நிலைத்தது. மேல்நிலை வகுப்பு பள்ளிக்குள் வந்தது 1978இல்தான். இடைக்காலம் என்று எண்ணியது இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நின்றது. அதில் ஏறத்தாழ முதற்பாதி முழுவதும் முதலியார் துணைவேந்தர்.

தென்காசி வட்டாரத்தில் இதன் பொருள் என்ன என்பதைச் சென்னையில் இருந்துகொண்டு எழுதியவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. தென்காசி, இலஞ்சி, கடையநல்லூர் மாணவர்கள் தமிழில் படித்துப் பள்ளியை முடித்தார்கள். புகுமுக ஆண்டைப் பள்ளியில் படிக்க வழியில்லை, கல்லூரியில்தான் படிக்க முடியும். கல்லூரிகளோ ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் இருந்தன: இந்துக் கல்லூரி, தூய யோவான், தூய சவேரியார், பெண்களுக்குச் சாரா டக்கர். மலையடிவாரத்துச் செங்கோட்டையின் கதை இன்னும் வேறு. 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூரோடு இருந்ததால், சில மைல் தொலைவிலுள்ள தென்காசி சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லையிலும், செங்கோட்டை 1937இல் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் எல்லையிலும் அடங்கின. எல்லை மாறியபின் அவ்வூர்ப் பிள்ளைகளும் நெல்லைப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. மகனை அந்த ஓராண்டுக்காக விடுதியில் சேர்க்கத் துணிந்த குடும்பங்கள் உண்டு. பதினாறு வயது மகளை அனுப்பத் துணிந்தவை மிகக் குறைவாகவே இருந்திருக்கும். அறிக்கை போட்ட பாலம் பெண்ணுக்குப் பாளையங்கோட்டையில்தான் தொடங்கியது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் 1964இல் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டதைப் பார்க்க வேண்டும். திருக்குற்றாலநாதசுவாமி கோயிலின் பொருளில் எழுந்தது அது. பழனிக் கோயில் 1960இல் ஒரு கல்லூரி தொடங்கியிருந்தது. பூம்புகார்க் கல்லூரியும் 1964ஐச் சேர்ந்தது. கோயில் பணம் கல்விக்குத் திரும்பியதை அறநிலையத் துறையின் கொள்கையாக மட்டும் விளக்குவது வழக்கம். கொள்கை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் குற்றாலத்தில், அதுவும் பெண்களுக்கென்றே, ஏன் ஒரு கல்லூரி தேவைப்பட்டது என்பதற்கு அக்கொள்கை விடை சொல்லாது. புகுமுக ஆண்டு பள்ளிக்கு வெளியே வைக்கப்பட்டதே அத்தேவையைப் பிறப்பித்தது என்பது என் முடிவு. பெண்களுக்கு எனத் தனிவகைக் கல்வி வேண்டியதில்லை, ஆனால் தேவையுள்ள இடங்களில் அவர்களுக்குத் தனிப் பள்ளிகள் திறக்கப்பட வேண்டும் என்றும் 1953 அறிக்கை சொன்னது. பள்ளிக்குச் சொன்னதைக் குற்றாலம் கல்லூரி அளவில் செய்தது.

முதலியாரின் பல்கலைக்கழகம் இதில் என்ன செய்தது? பணம் தரவில்லை. கட்டடம் எழுப்பவில்லை. இணைப்பு அளித்தது, பாடத்திட்டம் தந்தது, தேர்வு நடத்தியது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் எழுதிய அதே வினாத்தாளைச் சிற்றூர்க் கல்லூரி மாணவியும் எழுதினார். இந்தச் சமத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் தொடங்கிய ஒரு புதிய கல்லூரியின் பட்டத்துக்குத் தலைநகரின் பட்டத்தோடு ஒரே மதிப்பு கிடைத்தது என்றால், அதற்கு அந்த இணைப்பு முறையே காரணம். தரம் சிதையக் கூடாது என்பதில் அவர் காட்டிய உறுதிக்கு அதில் பங்கு உண்டு. மகப்பேறு மருத்துவராகவும், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகவும் இருந்தவரிடம் அந்த உறுதி இயல்பாகவே அமைந்திருக்க வேண்டும்.

ஆனால் வினாத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. கல்லூரியில் தமிழ்ப் பயிற்றுமொழிக்கான முதல் பெரிய முயற்சி 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் நடந்தது. அதன் பின்னால் இருந்தது கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் முனைப்பு. பல்கலைக்கழகம் அதற்கு இடம் கொடுத்தது. தானாக அதை முன்னெடுக்கவில்லை.

குற்றாலத்தில் இந்த விவாதத்துக்கு முன்பே ஒரு மரபு இருந்தது. தம் இறுதிக்காலத்தை அங்கே கழித்து 1954இல் மறைந்த டி. கே. சிதம்பரநாத முதலியார், தமிழில் கற்றால்தான் அறிவு உள்ளே இறங்கும் என்பதைச் சலிக்காமல் வலியுறுத்தியவர். அவர் பேசியது கவிதையை வைத்து, பட்டப் படிப்பின் அறிவியலுக்கு அது பொருந்தாது என்பார்கள். புகுமுக வகுப்பில் தடுமாறிய மாணவிக்கு அறிவியலுக்கு முன்னமே, ஆசிரியர் சொல்வதைப் புரிந்துகொள்வதே தடையாக இருந்தது என்பதை இவர்கள் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் டி.கே.சி.யின் வாதம் முழுமையாகப் பொருந்தும்.

குற்றாலக் கல்லூரி இலட்சுமணசுவாமி முதலியாரின் ஆளுகையில் இருந்தது இரண்டே ஆண்டுகள்தாம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரைத் துணைவேந்தராகக் கொண்டு தோன்றியதும் தென்மாவட்டக் கல்லூரிகள் அதனிடம் போயின. புதிய பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமானது சென்னைப் பல்கலைக்கழகம் மதுரையில் நடத்திவந்த விரிவாக்க மையம். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்க மறுத்தவர் என்று முதலியாரைச் சொல்பவர்கள் இதற்கு விடை கூற வேண்டும். புகுமுக ஆண்டோ மதுரைக்கும் அப்படியே போயிற்று. ஆளுகை மாறியும் அமைப்பு மாறவில்லை என்பதால், இரண்டே ஆண்டுகள் என்ற தடை என் வாதத்தைத் தொடவில்லை.

இரண்டு நாக்கு உடையவர் என்ற பழியை எடுத்துவிட்டால் எஞ்சுவது இதுதான். ஆங்கிலம் நீடிக்கும் வரை என்று எழுதிய குழுவின் தலைவரும், அது எது வரை நீடிக்கும் என்று தீர்மானிக்கக்கூடிய நிறுவனத்தின் தலைவரும் ஒருவரே. அறிக்கைக்குப் பின் பதினாறு ஆண்டுகள் அவர் பதவியில் இருந்தார். பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு மொழி ஆகிய மூன்றிலும் கட்டம் கட்டமாக ஒரு கால அட்டவணையைப் பல்கலைக்கழகமே வகுத்திருக்க முடியும். நூல்கள் இல்லை என்ற பதில் போதாது. நூல்களை உண்டாக்கும் ஆற்றலுள்ள நிறுவனமே அதைச் சொல்வது பொருந்தாது. கருத்தளவில் அவர் தமிழுக்கு எதிரியல்லர். தம் கையிலிருந்த அதிகாரத்தைத் தாமே எழுதிய நிபந்தனையை முடித்துவைக்கப் பயன்படுத்தாதவர். அவரது 27 ஆண்டுகளை எழுத வருபவர்கள் கிண்டியிலும் சேப்பாக்கத்திலும் எழுந்த கட்டடங்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாமல், 1956க்கும் 1978க்கும் இடையே சிற்றூர்க் கல்லூரிகளில் புகுமுக வகுப்பில் சேர்ந்தவர்கள் யார், தேறியவர்கள் யார் என்று சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். குற்றாலத்துப் பதிவேட்டிலிருந்து அந்த வேலை தொடங்கட்டும்.