மதராஸின்னா யாரு?

போன வாரம் ஸ்கூல் விட்டு வந்ததும் என் பொண்ணு கேட்டா: "அப்பா, நான் மதராஸியா?" செம்பூர்ல பொறந்தவ, என்னைவிட நல்லா மராத்தி பேசுவா. வேன்ல யாரோ சொல்லியிருக்காங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா"ன்னு சமாளிச்சுட்டேன். ராத்திரி தூக்கம் வரலை.

அந்த வார்த்தைக்கு ஒரு கதை இருக்குங்க. வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் மாகாணத்துல தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் இருந்தது. அங்கேருந்து பம்பாய் வந்தவங்க எல்லாருக்கும் ஒரே பேர், மதராஸி. 1953-ல ஆந்திரா பிரிஞ்சது. 1956-ல மலபார் கேரளாவுக்குப் போச்சு. 1969-ல மாநிலம் தமிழ்நாடாச்சு, 1996-ல ஊர் சென்னையாச்சு. கணக்கை மூடி இத்தனை வருஷமாச்சு, பாஸ்புக் மட்டும் இன்னும் சுத்துது (பேங்க்காரன் புத்தி!).

சாதாரண ஊர்ப்பேர் வசவா மாறினது 1960-கள்ல. 1960-ல மகாராஷ்டிரா தனி மாநிலமாச்சு. அதே வருஷம் பால் தாக்கரே 'மார்மிக்' பத்திரிகை ஆரம்பிச்சார். கம்பெனிகள்ல இருக்கிற தென்னிந்திய அதிகாரிகள் பேரை அதுல பட்டியல் போட்டாங்க. 1966 ஜூன்ல சிவசேனா வந்தது. "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி"ன்னு கோஷம். புங்கின்னா மகுடி. உடுப்பி ஓட்டல்கள் மேல கல் விழுந்தது. மதராஸின்னா இந்த ஊரோட ஒட்டாதவன்னு அர்த்தமாயிடுச்சு.

ஒட்டலையா? மாட்டுங்காக்காரங்க 1932-லயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி ஆரம்பிச்சுட்டாங்க. இங்கிலீஷ், டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் கத்துக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா வேலைக்குப் போனாங்க. என்னைக் கேட்டா, சண்டை லுங்கிக்கு இல்லை, நாற்காலிக்கு. சொந்த ஊர்லயே வேலை கிடைக்காத மராத்திப் பையனோட கோபத்துல நியாயமே இல்லைன்னும் நான் சொல்லமாட்டேன்.

ஆனா நாற்காலியே இல்லாதவனுக்கும் அடி விழுந்ததே! எங்க பெரியப்பா தாராவியில தோல் பதனிடுற வேலை பார்த்தவர், திருநெல்வேலிப் பக்கம். "வேட்டியோட மாகிம் ஸ்டேஷன் பக்கமே போவ மாட்டேன்லே. பேண்ட மாட்டிக்கிட்டுதான் வெளிய வருவேன்"ம்பார். அதே பேண்டோட ஊருக்குப் போனா அங்க "பம்பாய்க்காரன் வந்துட்டான்"னு கிண்டல்.

மறுநாள் காலையில இதையெல்லாம் பொண்ணுகிட்ட சொன்னேன். இட்லியைப் பிய்ச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தா.

"அப்புறம் பெரிய தாத்தா வேட்டி கட்டவே இல்லையாப்பா?"

"கட்டினார்மா. என் கல்யாணத்தன்னிக்கு, மாட்டுங்கா ஸ்டேஷன்லேருந்து மண்டபம் வரைக்கும் வேட்டியோட நடந்தே வந்தார்."