491-ஆம் இடத்து எழுத்து

காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 44 லட்சம் எழுத்து நீளம். அதில் ஒரே ஓர் இடத்தில் 'ஏ' போய் 'டி' வந்து உட்கார்ந்தது. எந்த நோயாளியின் நுரையீரலில் நடந்ததோ, அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த இடம்தான் முக்கியம். ரிஃபாம்பிசின் மாத்திரை, கிருமியின் ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகிறது. அந்த நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 491-ஆம் கண்ணியாக இருந்த ஐசோலூசின், இந்த ஓர் எழுத்தால் ஃபினைல்அலனினாக மாறியது. மருந்தின் பிடி தளர்ந்தது.

எஸ்வாட்டினி நாட்டில் (அன்று சுவாசிலாந்து) இந்த எழுத்து ஆள் விட்டு ஆள் தாவியது. இருமியவர் ஒரு குப்பியில் சளி துப்பிக் கொடுப்பார். அது நம்மூரில் 'சிபிநாட்' என்று சொல்கிறோமே, அந்தக் கருவியின் கார்ட்ரிட்ஜுக்குள் போகும். இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும்: காசநோய் உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. கருவி பொய் சொல்லவில்லை. அது படிப்பது 81 எழுத்து மட்டுமே. எதிர்ப்புப் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. 491 அந்த வேலிக்கு வெளியே இருக்கிறது. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து மருந்து கொடுத்துப் பார்த்தாலும், எதிர்ப்பு மிதமானது என்பதால் சில நேரம் அங்கும் தப்பிவிடும். நோயாளியோ கேட்காத மருந்தை மாதக்கணக்கில் நம்பி விழுங்குவார். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

2009-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின் மாதிரிகளைப் பிறகு ஆராய்ந்தபோது, பல மருந்துகளுக்கு அடங்காத 125 கிருமி மாதிரிகளில் 38-இல் இந்த எழுத்து இருந்தது. 2015-இல் இந்த முடிவு வெளியானது.

அதற்கப்புறம் இந்த எழுத்து கணினிக்குப் போனது. இயந்திரக் கற்றலில், ஒவ்வொரு கிருமியின் மரபணு வரிசையையும் அதன் பக்கத்தில் ஆய்வக முடிவையும் வைத்து, எந்த எழுத்தோடு எந்த எதிர்ப்பு வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறோம். 450-ஆம் இடத்துப் பிறழ்வு ஆயிரக்கணக்கான மாதிரிகளில் வருவதால் கணினி அதைச் சட்டென்று பிடித்துவிடும். நம் எழுத்து உலக அளவில் அரிது. போதாததற்கு, ஆய்வகமே அதைப் பல முறை 'மருந்துக்கு அடங்கும்' என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தப்பான பாடத்தைப் படித்தால் கணினியும் அதைச் சாது என்றே நினைக்கும். மற்றொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் எதிர்ப்புப் பெரும்பாலும் ஒரே கிருமியில் சேர்ந்து வருவதால், ஒன்றின் குற்றத்தை இன்னொன்றின் பிறழ்வு மேல் சுமத்திவிடவும் கூடும்.

ஆகவே 'ஆம், இல்லை' என்று மட்டும் கேட்பதை விட்டு, எவ்வளவு மருந்தில் கிருமி அடங்குகிறது என்றே அளந்தார்கள். கிரிப்டிக் என்ற சர்வதேச ஆய்வாளர் கூட்டமைப்பு 23 நாடுகளின் 12,289 கிருமி மாதிரிகளை, 96 குழிகள் கொண்ட தட்டுகளில் 13 மருந்துகளோடு வளர்த்துப் பார்த்தது. உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் ரிஃபாம்பிசினுக்கான சோதனை அளவைப் பாதியாகக் குறைத்தது. அதே ஆண்டு வந்த அதன் பிறழ்வுப் பட்டியலில் நம் எழுத்து எதிர்ப்புப் பக்கம் ஏறியது.

சிபிநாட் கருவியின் புதிய அல்ட்ரா கார்ட்ரிட்ஜும் 491-ஐப் படிப்பதில்லை. சளியிலிருந்தே நேராக மரபணுவை வாசிக்கும் சோதனைகள் இப்போது பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றில் அந்த 'டி' கண்ணில் படும்.