நாள் குறிக்கும் உரிமை: குளிர்காலப் பண்டிகைகளும் இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தமும்

சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணத்தின் பிறப்பாக மகர சங்கராந்தி கொண்டாடப்படுவதோ ஜனவரி 14 அல்லது 15. இந்த மூன்று வார இடைவெளி எப்படி வந்தது என்னும் வினா 1950களில் இந்திய அரசின் முன் வந்து நின்றது.

1952 நவம்பரில் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அப்போது நாட்டில் ஏறத்தாழ 30 நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. 1955இல் வெளிவந்த குழுவின் அறிக்கை காரணத்தைத் தெளிவாக்கியது. பஞ்சாங்கங்கள் விண்மீன்களை அடையாளமாகக் கொண்டு சூரியனின் இடத்தைக் கணிக்கின்றன. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வால் அமைபவை. அந்த அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால், இரு கணக்குகளுக்கும் இடையே சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் விலகல் ஏற்படுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு உத்தராயணமும் மகர சங்கராந்தியும் ஒன்றாகவே இருந்தன. விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தார்; அது 1863 ஜனவரி 12. அதன் பின்னரும் விலகல் வளர்ந்திருப்பதற்கு அந்தத் தேதியே சான்று.

எனினும் சேர்ந்துவிட்ட 23 நாட்களைக் கழித்துச் சங்கராந்தியை டிசம்பருக்குக் கொண்டுசெல்லக் குழு துணியவில்லை. விலகல் மேலும் வளராமல் தடுத்தால் போதும் என்ற அளவில் நின்றது. 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டை அடிப்படையாகக் கொண்ட தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அது அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் இடம்பெற்றது. தைப் பொங்கலையும் அசாமின் மாக் பிஹுவையும் குறிக்கும் வீட்டுப் பஞ்சாங்கங்களை அது அசைக்கவில்லை.

இதை இந்து சமயத்தின் பிடிவாதம் என்று மட்டும் கொள்வது பிழை. கொல்கத்தாவில் 1724இல் எழுந்த ஆர்மீனியத் திருச்சபை, கிறிஸ்துவின் பிறப்பையும் திருமுழுக்கையும் ஒருசேரக் கொண்டாடும் பழைய மரபின்படி ஜனவரி 6ஆம் நாளையே கிறிஸ்துமஸாகக் காத்துவருகிறது. சுற்றியுள்ள நகரம் டிசம்பர் 25ஐக் கொண்டாடி முடித்த பின்னரே அங்கு விழா தொடங்குகிறது.

சீக்கியரிடையே இவ்வினா இன்னும் கூர்மையானது. 2003இல் ஏற்கப்பட்ட நானக்‌ஷாஹி நாட்காட்டி, குரு கோவிந்த் சிங்கின் பிறந்தநாளை ஜனவரி 5 என நிலைப்படுத்தியது. 2010இல் செய்யப்பட்ட திருத்தம் அதை மீண்டும் பௌஷ மாத வளர்பிறை ஏழாம் திதிக்கே கொண்டுசென்றது. விளைவாக 2017இல் அவ்விழா ஜனவரி 5, டிசம்பர் 25 என இருமுறை வந்தது. 2018இல் ஒருமுறையும் வரவில்லை. சீக்கிய மரபுக்குத் தனி நாட்காட்டி வேண்டுமா என்பதே அங்கு வழக்கின் உட்பொருள்.

இஸ்லாமிய ஆண்டு முற்றிலும் சந்திரனைச் சார்ந்தது. பருவங்களோடு பொருத்துவதற்காக அதில் மாதம் கூட்டப்படுவதில்லை. ஆகவே நோன்புப் பெருநாள் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. 2000ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலும் இருமுறை வந்தது. ஆயினும் தில்லி நிஜாமுதீன் தர்காவில் மஞ்சள் மலர்களுடன் நிகழும் வசந்த விழா, மாக மாத வளர்பிறைப் பஞ்சமியை ஒட்டியே நடைபெறுகிறது. அவ்வழக்கத்தை அமீர் குஸ்ரோ தொடங்கியதாக மரபு கூறும். அண்டை வீட்டாரின் பஞ்சாங்கத்திலிருந்து ஒரு நாளை ஏற்றுக்கொள்வதால் தன் அடையாளம் குன்றிவிடுமென்று அந்தத் தர்கா கருதவில்லை.

இந்நாட்களின் வேற்றுமைக்கு வானியல் அறியாமை காரணமன்று. எந்த நாள் புனிதமானது என்று சொல்லும் அதிகாரம் யாருடையது என்பதே ஒவ்வோரிடத்திலும் எழும் கேள்வி. சாஹா குழு கணக்கின் பிழையைச் சுட்டியது. ஆனால் கொண்டாடுவோரின் இசைவில்லாமல் விழாவை நகர்த்த முற்படவில்லை. இன்றும் அரசின் விடுமுறைப் பட்டியல் ஆங்கிலத் தேதிகளில் ஆண்டு தொடங்குமுன்பே அச்சாகிவிடுகிறது. ஆயினும் பெருநாள் பிறை தெரிந்த பின்னரே உறுதியாகிறது. தேவையானால் பட்டியல்தான் திருத்தப்படுகிறது.