சல்லிக்காக ஓடும் பஸ்



இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்வதைப் பார்த்தால் நாம் சாரதியைத்தான் ஏசுகிறோம். ஆனால் இந்த ஓட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கொழும்பில் 1899இல் மின்சார டிராம் வந்தது. கோட்டைப் பக்கமிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும், மற்றது மருதானை வழியாகப் பொரளைக்கும் போனது. நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. 1929இல் ஏ.ஈ. குணசிங்க தலைமையில் அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1944இல் மாநகர சபை டிராமைப் பொறுப்பேற்றது. 1953இல் ட்ரொலி பஸ்ஸும் வந்தது. 1960இல் டிராம் நின்றது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது.

சாதாரண பஸ்கள் அக்காலத்தில் தனியார் கையில் இருந்தன. 1958 ஜனவரி 1ஆம் திகதி பண்டாரநாயக்க அரசு அவற்றை அரசுடைமையாக்கி, இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் கொடுத்தது. காலப்போக்கில் நட்டமும் பஸ் தட்டுப்பாடும் கூடின. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. பஸ்கள் பெருகின. கூடவே ஓட்டப்பந்தயமும் வந்தது.

காரணம் எளிது. பல பஸ்களில் நாளுக்கு இவ்வளவு என்று முதலாளிக்குக் கட்ட வேண்டும். மிஞ்சுவதுதான் சாரதிக்கும் நடத்துனருக்கும். அதனால் ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் நிற்பார்கள். பின்னால் அடுத்த பஸ் தெரிந்தால் பறப்பார்கள். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த பஸ்ஸில் இடமில்லை. அது இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரிலும் இதே நிலைதான் இருந்தது. அந்த ஊர் மக்கள் அதைச் 'சல்லிச் சண்டை' என்ற பொருளில் அழைத்தார்கள். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே டிரான்ஸ்மிலேனியோ தொடங்கியது. பஸ்ஸுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். ஏறிய ஆட்களின் கணக்கை விட்டுவிட்டு, ஓடிய கிலோமீட்டருக்கே கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் பணம் கொடுத்தார்கள். அந்தப் பாதைகளில் ஆள் பிடிக்கும் ஓட்டத்துக்குத் தேவை இல்லாமல் போனது. பின்னாளில் அங்கே கடும் நெரிசல் வந்தது உண்மை. அது வேறு பிரச்சினை.

நமது நூறு வருட வரலாற்றில் வாகனம் மாறியது, முதலாளி மாறினார். சாரதியின் வயிறு ஆள் எண்ணிக்கையில் தொங்கும்வரை ஓட்டம் நிற்காது. 2020இல் கைவிடப்பட்ட மாலபே இலகு ரயிலை நினைத்து நாம் கவலைப்படுகிறோம், நியாயம்தான். ஆனால் இனி யார் புது பஸ், புது ரயில் என்று வாக்குக் கேட்டு வந்தாலும் ஒன்றைக் கேட்போம்: "சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளமா, மிஞ்சும் சல்லியா?"