எலுமிச்சைச் சொறிநோய்ப் பாக்டீரியா: வரலாறும் மரபணு வேறுபாடுகளும்

எலுமிச்சைச் சொறிநோய் என்பது எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, பம்பளிமாசு முதலிய மரங்களைத் தாக்கும் ஒரு பாக்டீரியா நோய் ஆகும். சாந்தோமோனாஸ் சிட்ரி என்னும் நுண்ணுயிர் இதற்குக் காரணம். மனிதருக்கோ கால்நடைக்கோ இதனால் தீங்கு இல்லை. இந்தப் பாக்டீரியா ஒரே மாதிரியானது அல்ல. மரபணு அளவில் வேறுபட்ட பல வகைகள் இதற்குள் உள்ளன. நோய் எங்கே தோன்றியது, யார் வழியாக எந்த நாட்டுக்குப் போனது என்ற நூறாண்டு வாதத்துக்கு விடை தந்தவை இந்த வேறுபாடுகளே. அந்த விடையில் இந்தியாவுக்கும், கடல் கடந்து சென்ற தமிழர் வரலாற்றுக்கும் பங்கு உண்டு.

நோயின் இயல்பு

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் உள்ள பள்ளிகொண்டா போன்ற ஊர்களிலும், தமிழ்நாட்டில் எலுமிச்சை வளரும் மற்ற இடங்களிலும், மழைக்காலம் முடிந்தபின் மரத்தை உற்றுப் பார்த்தால் இந்நோயை அடையாளம் காணலாம். இளம் இலையின் இருபுறமும் சிறு புள்ளிகள் தடித்து எழும்பும். பிறகு அவை பழுப்பு நிறமாகித் தக்கை போல் சொரசொரப்பாகும். சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரியும். காயின் தோலில் சிரங்கு போன்ற வடுக்கள் உண்டாகும். பெரும்பாலும் கெடுவது தோல் மட்டுமே. உள்ளே சாறு நன்றாகவே இருக்கும். ஆனால் சந்தையில் அந்தக் காய்க்கு விலை கிடையாது. ஒரு வடு இருந்தாலே தோலின் தரம் குறைந்துவிடும் என்பதை ஆம்பூர், வேலூர் வட்டாரத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நோய் முற்றினால் இலையும் பிஞ்சும் உதிரும்.

பாக்டீரியா இலைத்துளை வழியாகவும் காயங்கள் வழியாகவும் உள்ளே நுழைகிறது. காற்றோடு அடிக்கும் மழை அதை மரத்துக்கு மரம் தெறிக்கச் செய்கிறது. இலைக்குள் பாதை குடையும் சிறு அந்துப்பூச்சியின் புழு ஏற்படுத்தும் காயமும் அதற்கு வாசலாகிறது. உள்ளே புகுந்ததும் அது ஒரு புரதத்தைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் செடியின் மரபணு ஒன்றைத் தூண்ட, உயிரணுக்கள் வீங்கிப் பெருகி வெடிக்கின்றன. சொறி என்று நாம் காண்பது இந்த வெடிப்பையே. புரதத்தை உருவாக்கும் பாக்டீரிய மரபணுவுக்கு பி.டி.எச்.ஏ. என்று பெயர், அது 1991-இல் அறிவிக்கப்பட்டது.

புளோரிடாவும் ஜப்பானும்

இந்நோய் உலகின் கவனத்துக்கு வந்தது அமெரிக்காவில்தான். 1910-களின் தொடக்கத்தில் புளோரிடாவிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் தோப்புகள் சொறி பிடித்தன. முதலில் இதைப் பூஞ்சணம் என்றே பலர் கருதினர். அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய கிளாரா ஹாசே என்ற பெண் அறிவியலாளர் 1915-இல் இது பாக்டீரியா என்று நிறுவி, சூடோமோனாஸ் சிட்ரி என்று பெயரிட்டார். அதன் பிறகு இந்த உயிரிக்குப் பெயர் மாற்றியவர்கள் பலர். 1939, 1978, 1989, 1995, 2006 என்று ஒவ்வொரு முறையும் வகைப்பாடு மாறியது. பழைய நூல்களைப் படிப்பவர்கள் இத்தனை பெயர்களும் ஒரே உயிரியைக் குறிப்பவை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

புளோரிடா அரசு நோயைத் தீயிட்டே ஒழித்தது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட தோப்பு மரங்களும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நாற்றுகளும் எரிக்கப்பட்டன. 1933-இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1986-இலும் 1995-இலும் அது திரும்ப வந்தது. இந்த முறை நோயுற்ற ஒரு மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை இன மரங்கள் அனைத்தையும், வீட்டுக் கொல்லையில் நின்றவை உட்பட, வெட்டும் விதி வந்தது. வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் சென்றனர். 1.6 கோடிக்கு மேல் மரங்கள் அழிந்தபின், 2004, 2005-ஆம் ஆண்டுகளின் புயல்கள் நோயை எங்கும் பரப்பிவிட்டதால், 2006 சனவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

முதல் நோய் எங்கிருந்து வந்தது? ஜப்பானிலிருந்து இறக்குமதியான மூவிலை ஆரஞ்சு நாற்றுகளின் மேல் ஐயம் இருந்தது, சான்று இல்லை. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சான்றைத் தேடிச் சென்றது உலர்தாவரகங்களுக்கு. அங்கே பழைய இலைகள் உலர்த்தப்பட்டு, தாளில் ஒட்டப்பட்டு, நாளும் ஊரும் குறிக்கப்பட்டு இருந்தன. நோயுற்ற இலையில் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் உலர்ந்து கிடந்தது. இப்பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் இடம் விட்டு இடம் தாவும் சிறு துண்டுகள் உண்டு. எந்தெந்த இடத்தில் துண்டு அமர்ந்துள்ளது என்பது வகைக்கு வகை வேறுபடும். பல இடங்களில் ஒட்டுப்போட்ட இரு வேட்டிகளில் ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியுமா? ஜப்பானிய இலையிலும் புளோரிடா இலையிலும் இருந்த அடையாளங்கள் அப்படியே பொருந்தின. 1911-ஆம் ஆண்டு நோயின் மூலம் இவ்வாறு தெரியவந்தது.

இந்தியா என்னும் பழைய வீடு

ஆனால் ஜப்பானும் பிறப்பிடம் அல்ல. ஃபாசெட், ஜென்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த உலர்தாவரத் தாள்களைப் புரட்டினர். டேராடூன் பகுதியில் 1827-க்கும் 1831-க்கும் இடையில் திரட்டப்பட்ட இலையில் சொறி இருந்தது. 1842 முதல் 1844 வரை ஜாவாவில் திரட்டப்பட்ட இலையிலும் இருந்தது. பார்வையால் மட்டும் பெற்ற இந்தச் சான்றுகள் இந்தியாவையும் கிழக்கிந்தியத் தீவுகளையும் சுட்டின.

மரபணு ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. பாக்டீரியாவில் மூன்று முக்கிய வகைகள் பிரித்தறியப்பட்டன. ஏ வகை எலுமிச்சை இனம் அனைத்தையும் தாக்கும்; உலகெங்கும் பரவியிருப்பது இதுவே. ஏ-நட்சத்திரம் எனப்படும் வகை சவூதி அரேபியா, ஈரான், ஓமன், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து 1998-இல் விவரிக்கப்பட்டது. மூன்றாவது, புளோரிடாவின் வெலிங்டன் என்ற ஊரின் முதலெழுத்தைத் தாங்கிய ஏ-டபிள்யூ வகை. பின்னிரண்டும் முக்கியமாகத் தாக்குவது மெக்சிகோ எலுமிச்சை என்று மேலைநாட்டு நூல்கள் குறிப்பிடும் மரத்தை. பெயர் மெக்சிகோவானாலும் அது நம் ஊர் நாட்டு எலுமிச்சையேதான்! ஆகவே இந்த வகை வேறுபாடு ஆய்வுக்கூட நுணுக்கம் என்று தமிழ்நாட்டு உழவர் ஒதுக்கிவிட முடியாது. ஏ-டபிள்யூ வகை கிரேப்ஃபுரூட் மரத்தில் ஏன் நோய் உண்டாக்குவதில்லை என்பதும் விளங்கியது: அதன் ஒரு மரபணு அந்த மரத்தை விழிக்கச் செய்து எதிர்ப்பைத் தூண்டிவிடுகிறது. அந்த ஒரு மரபணுவை நீக்கியதும் அங்கும் நோய் வந்தது.

ஒரு மொழிக்குத் தாயகத்தில் பல வட்டார வழக்குகள் இருக்கும். புலம்பெயர்ந்தோர் அவற்றுள் ஒன்றிரண்டையே எடுத்துச் செல்வர். நுண்ணுயிர்களும் ஏறக்குறைய அப்படியே. வேறுபாடு மிகுந்த இடமே பழைய வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்பாக்டீரியாவின் நெருங்கிய உறவினங்களாகிய துவரை, சங்குப்பூ, வில்வம் ஆகியவற்றைத் தாக்கும் வகைகளும் முதலில் இந்தியாவில்தான் விவரிக்கப்பட்டன. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று 13 பழைய இலைகளிலிருந்து முழு மரபணுத்தொகுதிகளை மீட்டு, இன்றையவற்றோடு ஒப்பிட்டது. அதன்படி இந்நோய்ப் பாக்டீரியா ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன் தெற்காசியாவில் தோன்றியது. இன்று காணும் கிளைகளாகப் பிரிந்தது கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இவை கணிப்புகளே; ஆனால் நாள் குறித்த இலைகளை அளவுகோலாக வைத்துச் செய்த கணிப்புகள்.

மொரீசியசின் ஓர் இலை

இதற்கு முன்னோடியாக 2021-இல் 1937-ஆம் ஆண்டின் ஒரே ஒரு மொரீசியசு இலை ஆராயப்பட்டது. காலப்போக்கில் டி.என்.ஏ. இழைகளின் முனைகளில் ஏற்படும் சிதைவு, அது இன்றைய கலப்பு அல்ல, பழையதே என்று காட்டியது. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கு நோய் 19-ஆம் நூற்றாண்டில் வந்திருக்கிறது. அடிமைமுறை ஒழிந்தபின் நடந்த குடிப்பெயர்வோடு அது தொடர்புடையதாகலாம் என்பது முடிவு.

மொரீசியசில் 1835-இலும் ரீயூனியனில் 1848-இலும் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டனர். சென்னை, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து சென்றவர்களுள் தமிழர் ஏராளம். இதை வைத்துக் கூலிகள் நோயைக் கொண்டுபோனார்கள் என்று எழுதுவது பொருந்தாது. பாக்டீரியா பரவுவது நாற்றிலும் கிளையிலும் காயிலும். அதே கப்பல்களில் தோட்ட முதலாளிகளின் சரக்கும் சென்றது. தாவரவியல் பூங்காக்கள் தம்முள் செடிகளைப் பரிமாறிக்கொண்டன. மொரீசியசின் புகழ்பெற்ற பூங்கா அமைந்த பாம்பிள்மூஸ் என்ற ஊரே பம்பளிமாசின் பெயர் பெற்றதுதான். மரபணு ஊரையும் காலத்தையும் சொல்லும். எடுத்துச் சென்ற கை யாருடையது என்று சொல்லாது.

இந்தியாவின் பழைய தாள்கள்

தமிழ்நாட்டில் இந்நோய் 1954-இல் தி. எசு. ராமகிருஷ்ணனால் பதிவு செய்யப்பட்டது. நோய் அதற்கு மிக முன்பே இருந்திருக்கும், எழுதிவைத்தது அப்போதுதான். இன்றும் நோயுற்ற கிளைகளை வெட்டி எரிப்பது, தாமிர மருந்து தெளிப்பது, நோயற்ற நாற்று நடுவது ஆகியவையே வழி.

சென்னையில் தொடங்கிக் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்ட சென்னை உலர்தாவரகமும், ஹவுராவிலுள்ள மைய தேசிய உலர்தாவரகமும் பிரிட்டிசுக் காலம் முதல் சேர்ந்த தாள்களைக் காத்துவருகின்றன. அன்றைய தாவரவியலாளர்கள் பூவும் காயும் உள்ள நல்ல கிளையைத் தேடியே ஒடித்தனர். சொறி பிடித்த இலை அதில் ஒட்டிக்கொண்டு வந்தது தற்செயல். எலுமிச்சை இனத் தாள்களில் பழுப்புப் புள்ளி தெரியும் இலைகள், ஒரு நகக்கண் அளவு வெட்டி எடுத்தால் ஆய்வுக்குப் போதுமானவை.