குதிரை கேட்டு வாங்கிய போர்வை

பகல் குறையத் தொடங்கியதுமே குதிரையின் உடம்பில் தடித்த ரோமம் முளைத்துவிடும். குளிரடித்தால் ஒவ்வொரு மயிரும் சிலிர்த்து நின்று, இடையில் காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்கும். வெட்டவெளியில் திரிந்த குதிரைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வினை, இங்கிலாந்தின் நரி வேட்டையில்தான் வந்து சேர்ந்தது.

அங்கே வேட்டைக்காலமே குளிர்காலம்தான். மைல் கணக்கில் பாய்ந்தோடிய குதிரைகள் வியர்வையில் தொப்பலாக நனைந்து லாயத்துக்குத் திரும்பின. ஈர ரோமம் லேசில் காயவில்லை. லாயக்காரர்கள் வைக்கோலால் தேய்த்துத் தேய்த்தே கை ஓய்ந்தார்கள். 1808 முதல் 1814 வரை ஸ்பெயின் மண்ணில் நெப்போலியனின் படையோடு மோதிவிட்டு வந்த அதிகாரிகளுக்கு ஒரு யோசனை கைவசம் இருந்தது. அந்த ஊரில் விலங்குகளின் ரோமத்தைக் கத்தரித்துவிடுவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். இங்கேயும் கத்தரிக்கோல் வேலையைத் தொடங்கியது. குதிரைகள் சீக்கிரமே காய்ந்தன. எல்லாருக்கும் திருப்தி. குதிரை மட்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றது.

பறித்த சட்டைக்கு மாற்றுச் சட்டை தேவைப்பட்டது. அதற்கான நார் வங்காளத்திலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தது. சணல்! முரட்டு நார், இயந்திரத்தில் நூலாக மறுத்தது. நல்லவேளையாக அதே துறைமுகத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இறக்கிய எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. 1830களில் அதைத் தடவி நாரைப் பதப்படுத்தியதும் சணல் வழிக்கு வந்தது. மலிவான சணல் துணிக்குக் கம்பளி உள்ளுறை கொடுத்துக் குதிரைக்கு இரவுப் போர்வை தைத்தார்கள். வயிற்றைச் சுற்றி ஒரு வார். வாரை இறுக்கினால் முதுகு புண்ணானது. தளர்த்தினால் போர்வை சரிந்து காலில் சிக்கியது. இருந்தாலும் லாயத்துக்குள் ஒருவாறு காலம் ஓடியது. லாயமே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போர் காட்டியது.

1916-17 குளிர்காலம், பிரான்ஸ் போர்முனை. பிரிட்டிஷ் படைக் குதிரைகளிடையே சொறி பரவியது. மருந்து தோலில் பட வேண்டுமானால் ரோமம் போயாக வேண்டும் என்று உடம்பு முழுக்க மழித்தார்கள். ஏப்ரல் 9 அன்று ஆரஸ் தாக்குதல் தொடங்கியது. வசந்தம் பிறந்திருக்க வேண்டிய நேரத்தில் பனி கொட்டியது. குண்டுக்குத் தப்பிய குதிரைகள்கூடக் குளிருக்கு மடிந்தன. பிற்பாடு காலையும் வயிற்றையும் மட்டும் மழித்தார்கள். எவ்வளவு ரோமத்தை எடுக்கிறோமோ அவ்வளவு சூட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கு பெரும் விலைக்குப் புரிந்தது. ஆனால் கொட்டும் மழையில் அதைக் கொடுப்பது எப்படி?

விடை, பூமியின் மறுகோடியின் பெயரைத் தாங்கி வந்தது. நியூசிலாந்தில் குதிரைகள் ஆண்டு முழுக்க மேய்ச்சல் வெளியிலேயே கிடந்தன. ‘நியூசிலாந்து ரக்’ என்று பெயர் பெற்ற போர்வையில் வெளியே நீர் ஏறாத கித்தான், உள்ளே கம்பளி. பின்னங்கால்களைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வார்கள். குதிரை புரண்டு எழுந்தாலும் போர்வை தன் இடத்துக்கே வந்து நின்றது. ஆனால் விடாத மழையில் அது கனத்தது. உறைபனியில் தகரம்போல் விறைத்தது.

1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைப் படைத்தார். பின்னாளில் அந்த இழை குதிரை முதுகில் ஏறியபோது கனம் பறந்தது, மழை தோற்றது. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் ஈரம்! மழையை உள்ளே விடாத பூச்சு, வியர்வையையும் வெளியே விடவில்லை. நரி வேட்டைக் காலத்துத் தலைவலியே திரும்பி வந்திருந்தது.

முடிச்சை அவிழ்த்தது ஓர் ஆத்திரம். 1969இல் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் ரசாயனத்தாலான தண்டுகளைச் சூடேற்றி இழுத்துக்கொண்டிருந்தார். மெல்ல இழுத்த தண்டுகளெல்லாம் அறுந்தன. பொறுமையிழந்து வெடுக்கென்று இழுத்தார். அறுந்திருக்க வேண்டிய தண்டு பல மடங்கு நீண்டது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த அந்தப் பொருளில் மழைத்துளி நுழையவில்லை, வியர்வையின் ஆவி தாராளமாக வெளியேறியது. மழையங்கிகள் அதனால் பெயர் பெற்றன. ஆவியை மட்டும் வெளியே விடும் அந்தத் தத்துவம், வேறு மலிவான பூச்சுகளின் வழியே குதிரைப் போர்வைக்கும் வந்தது.

இன்றைய கடைகளில் தொங்கும் போர்வையின் சீட்டில் இந்தக் கதை முழுக்க இரண்டே எண்களில் அடங்கிவிட்டது. 600 அல்லது 1200 டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் கிராம் எடை. மேல்துணியின் முரட்டுத்தனத்துக்கு அதுவே அடையாளம். 0, 200, 400 கிராம் என்பது ஒரு சதுர மீட்டருக்குள் அடைத்த பஞ்சு. மழித்த குதிரைக்குக் கனமானது. ரோமம் நிறைந்த குதிரைக்குப் பஞ்சில்லாத மழைப்போர்வை, பல நாள் அதுகூட வேண்டாம். இவ்வளவு கணக்குப் போட்டும், தேர்ந்தெடுத்தது என்னவோ மனிதனின் குளிர்தான். குதிரையை யாரும் கேட்கவில்லை, நார்வே ஆராய்ச்சியாளர்களைத் தவிர.

2016இல் வெளியான அவர்களது ஆய்வில் 23 குதிரைகள் இருந்தன. முன்னால் வெள்ளைப் பலகைகள்: கிடைக்கோட்டை மூக்கால் தொட்டால் போர்வை வரும், நெடுக்குக்கோட்டைத் தொட்டால் கழன்றுவிடும், வெறும் பலகையைத் தொட்டால் இருப்பது இருக்கும். இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரைகளும் பாடத்தைக் கற்றன. ஈரமும் காற்றும் குளிருமாக இருந்த நாட்களில் போர்வையைக் கேட்டு வாங்கின. வானம் தெளிந்த இதமான நாட்களில் அவை சொன்ன பதில், வேண்டாம் என்பதுதான்.